பாதி வழியில் நழுவிய சாலை: டெனாலி வனவிடுதிகளுக்கு ரயிலும் பஸ்ஸும், ஒரு நிகழ்வு ஆய்வு

அலாஸ்காவில் டெனாலி தேசியப் பூங்காவுக்குள் செல்ல ஒரே ஒரு சாலைதான் உண்டு. நீளம் 92 மைல், அதாவது 148 கிலோமீட்டர். சாலை முடிகிற இடம் கண்டிஷ்னா. 1905-இல் தங்கம் தேடி வந்தவர்கள் கூடிய இடம் அது. இன்று சில வனவிடுதிகள் மட்டும் இருக்கும் பள்ளத்தாக்கு. அங்கே போகும் முறை பல பத்தாண்டுகளாக மாறாமல் இருந்தது. ஆங்கரேஜிலிருந்தோ ஃபேர்பேங்க்ஸிலிருந்தோ ரயிலில் பூங்கா நிலையம். அங்கிருந்து விடுதியின் பஸ். ஆறு ஏழு மணி நேரம் சரளைச் சாலை. இருட்டாத கோடை மாலையில் விடுதி வாசல்.

2021 ஆகஸ்டில் அந்தச் சாலை 45.4-ஆவது மைலில், ஏறக்குறைய சரிபாதியில், மூடப்பட்டது. மலைச்சரிவு சாலையைத் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போனதுதான் காரணம். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸும் பாதி தூரம் ஓடிக்கொண்டிருந்தது. விடுதிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்றையும் கோத்த சரடுதான் அறுந்துபோனது.

பொதுப் போக்குவரத்தை நம்பி எட்டாக் காட்டு விடுதிக்குப் போகிறவர்கள் இந்த நிகழ்வைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று கருதுகிறோம். இத்தகைய பயணத்தில் முதல் டிக்கெட்டை முடிவுசெய்வது கடைசிக் கட்டம்தான். எந்த ஊரில் ரயில் ஏறுவது, பை எத்தனை கிலோ, எத்தனை இரவை உபரியாக வைப்பது என எல்லாவற்றுக்கும் பதில் கடைசி 75 கிலோமீட்டரில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் விமான டிக்கெட்டில் தொடங்கி முன்னோக்கித் திட்டமிடுகிறார்கள். சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ரயில் முதலில் வந்தது

இந்தப் பூங்கா 1917-இல் அமைந்தது. அப்போது பெயர் மவுண்ட் மெக்கின்லி தேசியப் பூங்கா. அலாஸ்கா ரயில் பாதை 1923-இல் முடிந்தது. அந்த ஆண்டு ஜூலை 15 அன்று நெனானாவில் அமெரிக்க அதிபர் ஹார்டிங், பாதை முடிந்ததன் அடையாளமாகத் தங்க ஆணியை அடித்தார். பூங்காச் சாலை வேலையும் அதே 1923-இல் ரயில் நிலையத்தருகே தொடங்கியது; கண்டிஷ்னாவை எட்ட 1938 ஆனது. வெளியிலிருந்து கார் வரும் வழி 1957 வரை கிடையாது. ஆக, ரயிலில் வந்து இறங்கி வேறு வண்டியில் உள்ளே போவது என்பது இந்த இடத்தின் பிறவிக் குணம்.

1971-இல் ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் பார்க்ஸ் நெடுஞ்சாலை முடிந்தது. கார்கள் வெள்ளமாக வரும் என்பது தெளிவாகத் தெரிந்ததால், 1972 முதல் தனியார் வண்டிகளை 15-ஆவது மைலோடு நிறுத்திவிட்டு அதற்கப்பால் பஸ் மட்டும் என்று வைத்தார்கள். தார் போட்ட பகுதியும் அந்த 15 மைல்தான். பிற்பாடு உச்சவரம்பும் வந்தது: ஒரு பருவத்துக்கு 10,512 வண்டிகள், 2012 திட்டத்தின்படி ஒரு நாளைக்கு 160. கரடியும் காட்டுமானும் சாலையோரம் வரை வந்து மேய்கின்றன என்றால் இந்தக் கட்டுப்பாடுதான் காரணம். பயணிக்கு இதன் பொருள் என்ன? பஸ் இருக்கை எண்ணி வைத்த சரக்கு. கூட்டம் வந்தால் இன்னொரு வண்டி விடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கண்டிஷ்னா விடுதிகள் தனியார் நிலத்தில் நிற்கின்றன. 1980-இல் பூங்கா விரிவடைந்து இன்றைய பெயரைப் பெற்றபோது, ஏற்கெனவே அங்கிருந்த சுரங்க உரிமை நிலங்களும் விடுதி நிலங்களும் எல்லைக்குள் வந்துவிட்டன. சீலியா ஹன்டர், ஜின்னி வுட், மார்ட்டன் வுட் மூவரும் 1950களின் தொடக்கத்தில் அமைத்த கேம்ப் டெனாலி அப்படிப்பட்டது. நடுக்காட்டில் விடுதி எப்படி என்ற கேள்விக்கும், ஏன் ஒரே சாலையை நம்பி இருந்தது என்ற கேள்விக்கும் விடை இந்த வரலாறுதான்.

ரயில் கட்டமும் இரண்டு ஊர்களின் கணக்கும்

கோடையில், மே நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை, ஆங்கரேஜுக்கும் ஃபேர்பேங்க்ஸுக்கும் இடையே டெனாலி ஸ்டார் ரயில் தினம் ஒன்றாக இரு திசையிலும் ஓடுகிறது. மொத்தம் 356 மைல், சுமார் 12 மணி நேரம். இரண்டு முனையிலும் காலை 8 மணிக்குச் சற்றுப் பிந்திக் கிளம்பும். ஆங்கரேஜில் ஏறியவர் 234 மைல் கடந்து மாலை 4 மணி வாக்கில் பூங்கா நிலையத்தில் இறங்குவார். ஃபேர்பேங்க்ஸில் ஏறியவர் நண்பகல் 12 மணிக்கெல்லாம் இறங்கிவிடுவார்.

இந்த நாலு மணி நேர வித்தியாசம் சாதாரணமல்ல. உள்ளே போகும் விடுதி வண்டி பிற்பகல் 1 அல்லது 2 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேர்பேங்க்ஸிலிருந்து வந்தவர் அதே நாள் தொடர்ந்து போகலாம். ஆங்கரேஜிலிருந்து வந்தவர் பூங்கா வாசலில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். திரும்பும்போது நிலைமை தலைகீழ். ஆங்கரேஜ் போகும் ரயில் பூங்காவை விட்டு 12.30 வாக்கில் கிளம்பிவிடும். ஃபேர்பேங்க்ஸ் போகும் ரயில் 4 மணிக்கு. விடுதியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பிய பஸ் ஆறிலிருந்து ஏழு மணி நேரம் எடுத்தால் வந்து சேர்வது 12-க்கும் 1-க்கும் இடையில். ஆங்கரேஜ் ரயில் கண்ணெதிரே போய்விடக்கூடிய நேரம் அது. ஃபேர்பேங்க்ஸில் தொடங்கி ஃபேர்பேங்க்ஸிலேயே முடிக்கும் பயணம் ஆங்கரேஜ் பயணத்தைவிட இந்த ஒரு காரணத்தால் ஓர் இரவு, சமயத்தில் இரண்டு இரவு, மிச்சம் பிடிக்கும். அழகுக்காக ஆங்கரேஜ் பாதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த இரவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அழகில் குறை இல்லைதான். ஹரிக்கேன் பள்ளத்தின் மேலே 1921-இல் கட்டிய 280 மீட்டர் நீளப் பாலத்தில், 90 மீட்டர் ஆழத்தைக் கீழே விட்டு ரயில் மெல்ல ஊர்ந்து கடக்கும் நிமிடங்களுக்காகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு.

சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். பாதை பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிரெதிர் ரயில்கள் ஒதுக்குத் தடத்தில் ஒன்றையொன்று விட்டுக் கடக்க வேண்டும். ஒன்று தாமதமானால் மற்றதும் காத்துக் கிடக்கும். சரக்கு ரயிலும் இதே தடத்தில் வருகிறது. தண்டவாளத்தில் மூஸ் மான் நின்றாலும் வேகம் குறையும். அரை மணி, ஒரு மணி தாமதத்தை அசாதாரணமாக நினைக்காமல் முன்கூட்டியே கணக்கில் வைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளி இல்லாத இணைப்பை இணைப்பாகவே எண்ணக் கூடாது. தவறவிட்டால் அடுத்த ரயில் நாளைக்குத்தான்.

சாமான் விஷயத்தில் ரயில் தாராளமானது. தலைக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 50 பவுண்டு, அதாவது 23 கிலோ வரை கட்டணமின்றி ஒப்படைக்கலாம். அந்தத் தாராளத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆங்கரேஜில் 46 கிலோவைச் சிரமமில்லாமல் ஏற்றிவிட்டவர், மறுநாள் சிறு விமானத்தின் முன் நின்று பாதியை எங்கே விடுவது என்று தவிப்பார். ஒப்படைத்த பெட்டி இறங்கும்வரை கைக்கு வராது என்பதும் நினைவில் இருக்கட்டும். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, மழைக்கோட்டு, சார்ஜர் எல்லாம் இருக்கைக்கு வரும் கைப்பையில் இருக்க வேண்டும்.

பஸ்: 15-ஆவது மைலுக்கு அப்பால்

ரயில் நிலையம் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்கு நடை தூரத்தில் இருக்கிறது. சில மைல் உள்ளே போனதுமே செல்போன் அலைவரிசை அறுந்துவிடும். யாரிடமாவது சொல்ல வேண்டிய சேதி இருந்தால் பஸ் ஏறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

சாலையில் எல்லா இடமும் மைல் எண்ணால்தான் அடையாளம். 30-இல் டெக்லனிகா, 53-இல் டோக்லாட், 66-இல் ஐல்சன் பார்வையாளர் மையம், 85-இல் வொண்டர் ஏரி, 92-இல் கண்டிஷ்னா. கழிப்பறை டெக்லனிகா, டோக்லாட், ஐல்சன் நிறுத்தங்களில் உண்டு. சாப்பாடு வழியில் எங்கும் வாங்க முடியாது. தண்ணீரும் உணவும் கையோடு வர வேண்டும். சிறு குழந்தையோடு போகிறவர்கள் கார் இருக்கையையும் தாங்களே கொண்டுவர வேண்டும்.

பூங்காவின் பச்சை நிறப் போக்குவரத்து பஸ்ஸுக்கும் சுற்றுலா பஸ்ஸுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பச்சை பஸ்ஸில் போகிறவர் வழியில் நினைத்த இடத்தில் இறங்கி நடக்கலாம். பிறகு வரும் இன்னொரு பச்சை பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். ‘இடம் இருந்தால்’ என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே பஸ்ஸில் நாலு இடம் கிடைக்காமல் இரண்டிரண்டாகப் பிரிய நேரும். அன்றைய கடைசி பஸ் எந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடக்கும் என்று இறங்கும் முன்பே ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

உள்ளே போகும்போது இடது பக்க சன்னல் நல்லது. மலைத்தொடர் தெற்கே இருக்கிறது. 6,190 மீட்டர் சிகரம் அந்தப் பக்கம்தான். வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே சிகரம் தெரிகிறது. மற்ற நாட்களில் மேகம் மூடியிருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்புவதைவிட உள்ளே மூன்று இரவு தங்குவதன் உண்மையான பயன் இங்கே இருக்கிறது: மேகம் விலகும் காலையில் நீங்கள் அங்கே இருப்பீர்கள்.

பாலிக்ரோம் கணவாயில் சாலை, செங்குத்தான சரிவில் செதுக்கிய விளிம்பு. தடுப்புச் சுவர் கிடையாது. எதிரெதிர் வண்டிகள் சந்தித்தால் ஒன்று ஒதுங்கி நிற்க, மற்றது நடை வேகத்தில் கடக்கும். 148 கிலோமீட்டருக்கு ஆறு ஏழு மணி நேரம் ஆனதற்கு இதுவும், கரடி தெரிந்தால் எஞ்சினை அணைத்து நின்றுவிடும் வழக்கமும் காரணம். இந்தக் கணவாயின் ஒரு மடிப்பில்தான் சாலையை இழுத்துக்கொண்டு போன சரிவு, ப்ரிட்டி ராக்ஸ் (‘அழகிய பாறைகள்’), இருக்கிறது.

45.4-ஆவது மைலில் நடந்தது

மஞ்சளும் செம்மண் நிறமும் கலந்த எரிமலைப் பாறைகளால் அந்தப் பெயர் வந்தது. அழகுக்குக் காரணமான பாறையே ஆபத்துக்கும் காரணம். எரிமலைப் பாறை சிதைந்தால் களிமண் ஆகிறது. களிமண் நனைந்தால் வழுக்கும். அதனடியில் ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் நிலம், இடையிடையே பனிக்கட்டி. உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும் நிலம் ஒன்றிரண்டு பாகை வெப்பம் ஏறினாலும் அசையாது. உறைநிலையை ஒட்டி நிற்கும் நிலம் அப்படியல்ல. சற்றே சூடேறினாலும் பனிக்கட்டி இளகி நெளிகிறது, களிமண் பிடிப்பை விடுகிறது, மழைநீர் விரிசல் வழியே இறங்கி மிச்ச வேலையை முடிக்கிறது.

சரிவு புதிதாகப் பிறந்ததல்ல. 1960களிலேயே அது நகர்ந்துகொண்டிருந்தது. சாலை போடுவதற்கு முன்பும் நகர்ந்திருக்கலாம். பல ஆண்டுகள் அது வெறும் பராமரிப்புத் தொல்லை: இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விரிசலை அடைத்தால் போதும். பிறகு வேகம் மாறிய விதத்தைப் பூங்கா நிர்வாகம் அளந்து வைத்திருக்கிறது. 2014-க்கு முன் ஆண்டுக்குச் சில அங்குலம். 2017-இல் மாதத்துக்குச் சில அங்குலம். 2018-இல் வாரத்துக்கு. 2019-இல் நாளுக்கு. 2021-இல் உச்சமாக மணிக்கு 0.65 அங்குலம்.

கடைசி எண்ணைக் கையில் வைத்து அளந்து பாருங்கள். மணிக்குப் பதினாறு மில்லிமீட்டர். இரவு கடைசி பஸ் போன பிறகு மறுநாள் முதல் பஸ் வருவதற்குள் சாலையின் அந்தத் துண்டு ஒரு சாண் அளவு இறங்கியிருக்கும். முழு நாளில் 40 சென்டிமீட்டர். துண்டின் நீளம் சுமார் 90 மீட்டர். அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆகஸ்டில் வாரத்துக்கு 100 லாரி வரை சரளை கொட்டினார்கள், நாளுக்குச் சராசரி பதினாலு. கொட்டிய சரளையும் நகர்கிற சரிவின் மேலேதான் உட்கார்ந்தது; அதோடு சேர்ந்து அதுவும் இறங்கியது. நிரப்பும் வேகத்தை நழுவும் வேகம் முந்திய இடத்தில், பருவம் முடிய மூன்று வாரமளவு இருக்கும்போதே, சாலையை மூடினார்கள். அது முதல் பஸ்கள் 43-ஆவது மைலில், ஈஸ்ட் ஃபோர்க் பாலத்தருகே திரும்பிவிடுகின்றன. டோக்லாட், ஐல்சன், வொண்டர் ஏரி, கண்டிஷ்னா நான்குமே சரிவுக்கு அப்பால் சிக்கிக்கொண்டன.

பயணத் திட்டம் போடுகிறவர் அந்த வேகப் பட்டியலை ஒரு தடவைக்கு இரு தடவை படிக்க வேண்டும். கோடை விடுதிக்கு ஒன்பது, பத்து மாதம் முன்பே பதிவு செய்வது வழக்கம். 2020 இலையுதிர் காலத்தில் 2021 ஆகஸ்டுக்குப் பதிவு செய்தவர் ‘சாலை திறந்திருக்கிறதா’ என்று கேட்டிருந்தால் ‘ஆமாம்’ என்ற உண்மையான பதில் கிடைத்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பழுது எந்த வேகத்தில் வளர்கிறது? ஆண்டுக்கணக்கில் இருந்தது நாள்கணக்குக்கு வந்துவிட்ட ஒரு பழுது, அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. ஒரே சாலை உள்ள எந்த விடுதிக்கும் இது பொருந்தும். ஆற்றுப் பாலம், மண்சரிவு, பனிச்சரிவுப் பாதை எதுவானாலும், சென்ற மூன்று நான்கு பருவங்களில் எத்தனை நாள் மூடினார்கள், எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் சாலைப் பராமரிப்பு அறிவிப்புகளில் வெளிப்படையாகவே இருக்கும். விடுதியின் விளம்பரப் பக்கத்தில் இருக்காது.

தீர்வாக எடுத்தது சரிவைத் தொடாமல் தாண்டும் 145 மீட்டர் எஃகுப் பாலம். சரிவுக்குள் தூண் வைக்க முடியாது, வைத்தால் தூணும் நகரும். அதனால் இரு கரையிலிருந்து ஒரே தாவல். கிழக்குக் கரையின் அடித்தளம் உறைநிலத்தில் வருவதால், குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தை உறிஞ்சி வெளியே விடும் குழாய்களைப் பதித்து அந்த நிலத்தை உறைந்தபடியே வைக்கும் ஏற்பாடும் உண்டு. சாலையை முழு நீளத்துக்கும் திறப்பது 2027 பருவத்துக்கு என்று திட்டமிட்டார்கள். கிளம்பும் ஆண்டில் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்த பின்பே பஸ் கணக்கைப் போடுங்கள்.

பஸ் இருந்த இடத்தில் சிறு விமானம்

சாலை மூடியபின் கண்டிஷ்னாவுக்குப் போகும் வழி வான்வழிதான். பூங்கா வாசலை ஒட்டிய ஓடுதளத்திலிருந்தோ, சுமார் 18 கிலோமீட்டர் வடக்கே ஹீலியிலிருந்தோ சிறு விமானம் கிளம்பி, முக்கால் மணிக்குள் கண்டிஷ்னாவின் சரளை ஓடுதளத்தில் இறங்கும். ஆறேழு மணி நேரம் முக்கால் மணியாகச் சுருங்கியது லாபம்போலத் தெரியலாம். ஆனால் மெதுவாக இருந்தாலும் பஸ் மழையிலும் ஓடியது. இந்த விமானங்களைப் பைலட் கண்ணால் தரையையும் மலையையும் பார்த்தே ஓட்டுகிறார். கணவாயில் மேகம் இறங்கினால் பறக்க முடியாது, பறக்கவும் கூடாது. வானம் எப்போது தெளியும் என்று யாரும் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. ‘இப்போது போக முடியாது’ என்று சொல்லும் பைலட்டை அவசரப்படுத்தாமல் இருப்பது பயணி செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு நடவடிக்கை.

இரண்டாவது மாற்றம் எடை. ஒற்றை எஞ்சின் விமானத்தில் பைலட், எரிபொருள், பயணிகள், பைகள் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு வரம்பு உண்டு. குட்டையான சரளை ஓடுதளத்தில் அந்த வரம்பு இன்னும் இறுகும். அதனால் பயணியின் உடல் எடையையும் கேட்பார்கள். உடுப்பும் பூட்ஸும் போட்ட நிலையில் உள்ள எடையைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வது விமானத்தில் உள்ள எல்லோரையும் பாதிக்கும். பைக்கான அளவை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வைத்திருக்கிறது; அலாஸ்காவின் சிறு விமானங்களில் பொதுவாகத் தலைக்கு 25-இலிருந்து 50 பவுண்டு, அதாவது 11-இலிருந்து 23 கிலோவுக்குள் இருக்கும். குறைந்த எண்ணையே மனதில் வைத்து அடுக்குவது நல்லது.

பதினோரு கிலோ எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே நாலு கிலோ. அது விமான வால்பக்கத்தின் வளைந்த இடுக்கில் நுழையவும் நுழையாது. துணிப் பை ஒரு கிலோ. அந்த மாற்றத்தில் மட்டும் மூன்று கிலோ மிச்சம். மலைக் காலணி ஒரு ஜோடி ஒன்றேகால் கிலோ. அதைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த ஜாக்கெட்டையும் மழைக்கோட்டையும் உடம்பில் போட்டுக்கொண்டால் இன்னொரு கிலோ பைக்குள் ஏறாது. உடல் எடையில் அது சேரும் என்பதால், சொல்லும் எண்ணிலும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கம்பளி உள்ளாடை இரண்டு செட், ஒரு மெல்லிய பஞ்சு ஜாக்கெட், மழைக்கால்சட்டை, தொப்பி, கையுறை, ஜூன் ஜூலையில் கொசுவுக்கான முகவலை. கோடை என்றாலும் இங்கே எந்த மாதத்திலும் பனி பெய்யலாம். பருத்தி ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காய இரண்டு நாள் ஆகும். கேமராவும் பெரிய லென்ஸும் இரண்டு கிலோவைத் தின்றுவிடும். அதற்கு இடம் வேண்டுமென்றால் துணியைக் குறைக்க வேண்டும், வேறு வழியில்லை.

கரடித் தெளிப்பான் பெரிய பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடாது. அலாஸ்காவில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது விடுதி தருகிறதா என்று கேட்கலாம். சிறு விமானத்தில் ஏறும் முன் அது பையில் இருப்பதைப் பைலட்டிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள் அது கசிந்தால் பைலட்டின் கண் எரிந்து மூடிக்கொள்ளும். அவர் அதைப் பயணிகள் அறைக்கு வெளியே அல்லது காற்றுப் புகாத குழாயில் வைப்பார்.

மிச்ச சாமானை எங்கே விடுவது? ஃபேர்பேங்க்ஸ் வழியே உள்ளே போய் ஆங்கரேஜ் வழியே வெளியேறும் திட்டத்தில், ஃபேர்பேங்க்ஸ் ஓட்டலில் விட்ட பெட்டி தவறான முனையில் கிடக்கும். போகும்போதும் திரும்பும்போதும் கட்டாயம் மிதிக்கும் ஒரே இடம் பூங்கா வாசல்தான். பெட்டியை அங்கே தங்கும் ஓட்டலில் விடுங்கள். விடலாமா என்று முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னிருந்து முன்னாக

விடுதியில் மூன்று இரவு, ஆங்கரேஜில் தொடங்கி ஆங்கரேஜில் முடியும் பயணம் என்று கொள்வோம். முதலில் விடுதியின் நாட்களை உறுதிசெய்யுங்கள். கோடையில் இடம் குறைவானது அதுதான். அடுத்து விடுதி சொல்லும் விமான நேரத்தையும் ஓடுதளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாள் மாலை 4 மணி ரயிலில் வந்து இறங்கி வாசலில் ஓர் இரவு. அதற்கு முன் ஆங்கரேஜில் ஓர் இரவு, காலை ரயிலுக்காக. நிலையத்துக்குப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். திரும்பும் நாளில் 12.30 ரயிலைப் பிடிக்க முயலாதீர்கள். வாசலில் இன்னோர் இரவு தங்கி மறுநாள் ரயில் ஏறுங்கள். இரவு 8 மணிக்கு ஆங்கரேஜ். அங்கே ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகே ஊர் திரும்பும் விமானம். ஆக ஏழு இரவு, அதில் விடுதியில் கழிப்பது மூன்று. இந்த விகிதம் முதலில் நெருடும். நாலு உபரி இரவில் ஒன்றைக் குறைத்தால் மேகம் இறங்கிய ஒரு காலை, ரயில், ஓட்டல், சர்வதேச விமானம் மூன்றையும் வரிசையாகச் சாய்த்துவிடும். செலவு உறுத்தினால் உபரியை வெட்டாதீர்கள். விடுதியில் ஓர் இரவு கூட்டி விகிதத்தைச் சரிசெய்யுங்கள்.

பதிவு செய்யும் முன் விடுதியிடம் எழுத்தில் பெற வேண்டிய பதில்கள் சில உண்டு. வானிலையால் உள்ளே வர முடியாமல் போன இரவுக்குப் பணம் திரும்புமா? வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்ட இரவுக்கு யார் பணம் கட்டுவது? ரயில் நிலையத்திலிருந்து ஹீலி ஓடுதளத்துக்கு வண்டி யார் தருவது? ரயில் தாமதமானால் விமானம் எவ்வளவு நேரம் காத்திருக்கும், எந்த எண்ணில் சொல்ல வேண்டும்? பதில் தொலைபேசியில் கிடைத்தால் மின்னஞ்சலில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மருத்துவ அவசரத்தில் வெளியேறுவதும் வான்வழியே என்பதால், பயணக் காப்பீட்டில் விமான மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாட்களுக்கு மேல் இன்னும் மூன்று நாளுக்கு உபரியாக எடுத்துப் போக வேண்டும்.

விமானம் இல்லாமலே போகும் வழியும் இதே ரயில் பாதையில் இருக்கிறது, கண்டிஷ்னாவுக்கு அல்ல, வேறு காட்டுக்கு. டாக்கீட்னாவுக்கும் ஹரிக்கேனுக்கும் இடையே ஓடும் ஹரிக்கேன் டர்ன் ரயிலைத் தடத்தோரம் நின்று வெள்ளைத் துணியை ஆட்டி நிறுத்தலாம். சாலையே இல்லாத அந்த ஆற்றோரக் குடில்களுக்கு அதுதான் பஸ்ஸும் வண்டியும். கோடையில் வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறது. ஓடாத இரண்டு நாள் எவை என்று தெரிந்துகொள்ளாமல் குடிலைப் பதிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

கண்டிஷ்னாவிலிருந்து திரும்பும் விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால் மாற்று உண்டு. பூங்கா வாசலிலிருந்து ஆங்கரேஜுக்குப் பார்க்ஸ் நெடுஞ்சாலையில் சுமார் 240 மைல். கோடையில் தனியார் பஸ்கள் ஓடுகின்றன, ரயிலைவிட வேகமாகவும் போய்ச் சேர்கின்றன. அவை கிளம்பும் நேரம், ஏறும் இடம், தொலைபேசி எண், அடுத்த நாள் ரயிலின் நேரம், பெட்டியை விட்ட ஓட்டலின் எண் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும்போது தேடிப் பார்க்கச் செல்போன் உதவாது. ஓடுதளத்தில் இறங்கியதும் அந்தக் காகிதத்தைப் பார்த்து முதல் அழைப்பைப் பஸ்ஸுக்குச் செய்யுங்கள், இரண்டாவதை ரயிலுக்கு. மேகம் விலகிய மணி நேரத்தில் உங்களோடு காத்திருந்த மற்றவர்களும் வெளியே வந்துவிடுவார்கள், அன்றைய பஸ்ஸில் மீதி இருக்கும் இடமோ சொற்பம்.